பாலத்துக்குக் கீழே இருபத்தோரு அடி

மார்ச் 7, சனி

இன்று இடது காது முடிந்தது. ஒரு காதுக்கு நாற்பத்திரண்டு தாள். விரல் இடுக்கில் பசை காய்ந்து, இதை எழுதும்போதும் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

எங்கள் தெருவின் பொம்மைக்கு இந்த வருடம் ‘தூங்காத அம்மா’ என்று பெயர். நைட்டி, முடிந்த கொண்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். தெருவில் பாட்டுக் கச்சேரி நடக்கும் பார் மட்டும் பதினொன்று. அவற்றின் மேல்மாடிகளில் குடியிருப்பவர்கள் நாங்கள். ஆகவே இந்த யோசனையைச் சொன்னதுமே தெரு மொத்தமும் சிரித்து ஒத்துக்கொண்டது. துறைமுக விழாவன்று ஒவ்வொரு தெருவும் தன் பொம்மையை மிதவையில் ஏற்றிக் கால்வாய் வழியாகப் பெரிய துறைக்குக் கொண்டுபோகும். எங்கள் அம்மா வழியெல்லாம் கொட்டாவி விடுவாள். அந்தக் கொட்டாவிக்குள்ளிருந்து என் அக்காவின் பாட்டு வரும். அக்கா கழுத்துக்குள் ஏணியில் நின்று, தலையைக் கொண்டைக்குள் விட்டு, அதிலுள்ள ஓட்டை வழியாகப் பார்ப்பாள்.

வழியில் ஒரே இடைஞ்சல் இரும்புப் பாலம். மதியம் பன்னிரண்டரைக்கு வெல்டர் அண்ணன் என்னைப் பாலத்தின் உயரத்தை அளந்துவரச் சொன்னார். கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். பொம்மையின் இரும்புக்கூடு அவர் பொறுப்பு. மிதவைக்காரர் சின்னப் படகில் கூட்டிப்போனார். தூண் வளையத்தில் படகைக் கட்டிவிட்டு, கழியில் நாடாவைக் கட்டி உயர்த்தினோம். தண்ணீரிலிருந்து உத்திரத்தின் அடிவரை இருபத்தோரு அடி. கடல் ஏறி வற்றும்போது கால்வாயும் கூடவே ஏறி வற்றும்.

“இது வத்தின தண்ணின்னு அண்ணன்கிட்ட சொல்லிடும்மா, மறந்துடாத” என்றார் மிதவைக்காரர். தலையாட்டினேன்.

பொம்மை செய்யும் கொட்டகைக்குத் திரும்பியபோது எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்று என்றேன். “ஏறின தண்ணியிலதான அளந்தீங்க?” என்றார் வெல்டர் அண்ணன். எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? யாராவது எதையாவது கேட்டால் என் கழுத்து தானாக ஆடிவிடுகிறது. அவர் சுவரில் சாக்கட்டியால் 21 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லவில்லை. வெல்டர் அண்ணன் இன்று வரவில்லை என்பது சாக்கு. வீடு எங்கே என்று தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

கூட்டைப் பற்றவைத்துவிட்டார்கள். நான் வலது காதுக்குத் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். மிதவையின் தட்டு தண்ணீருக்கு மேல் இரண்டடி, பொம்மை பதினெட்டடி, ஆக இருபது. “ஒரு அடி மிச்சம் விட்டிருக்கேன். யானை போகும்” என்றார் அண்ணன்.

“யானைக்குக் கொண்டை இருக்காதே அண்ணே” என்றாள் பசை அத்தை. பெரிய அண்டாவில் பசை காய்ச்சுகிறவள், தெருவுக்கே அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் ‘அண்ணா, ஒரு விஷயம்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து பாடம் படிக்கச் சொன்னபோதும் இப்படித்தான், எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும், தொண்டையில் மட்டும் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். வாரம் இரண்டு முறை நிற்க வைத்தார்கள். மூன்றாவது மாதம் நான் போவதை நிறுத்திவிட்டேன்.

இங்கே பேச வேண்டியதில்லை, தாள் கிழித்தால் போதும் என்றுதான் வந்தேன்.

சமாதானம் ஒன்று இருக்கிறது. ஊர்வலம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் தண்ணீர் பாதிதான் ஏறியிருக்கும். ஒரு அடி மிச்சம் இருக்கிறது. போய்விடும்.

போய்விடுமா?

மார்ச் 13, வெள்ளி

அக்கா இன்று கொண்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் தாள்தான். உள்ளே கொண்டையின் வடிவம் நிற்க இரண்டு இரும்பு வளையங்கள் வைத்திருக்கிறார்கள். மேல் வளையம் அக்காவின் உச்சந்தலையிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கிறது. அளந்தது நான்தான். அளக்கும் வேலை என்றால் இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

“ஏய், இங்கேர்ந்து பார்த்தா நீ எறும்பு மாதிரி இருக்கடி” என்று வாய்க்குள்ளிருந்து கத்தினாள். பொம்மையின் வாயிலிருந்து அக்கா குரல் வந்ததும் பசை அத்தை கரண்டியைப் போட்டுவிட்டாள்.

அக்கா தெருக்கோடி பாரில் பாடுகிறாள். பாடுகிறாள் என்றால், பாடகிக்குப் பின்னால் நின்று ஒத்துப் பாடுகிறாள். நான்கு வருடமாகப் பின்வரிசை. விழாவன்று பெரிய ஹோட்டலின் பேண்டு மாஸ்டர் துறையில் நிற்பாராம். “அவரு என் மூஞ்சிய பார்க்கப் போறதில்ல, குரல மட்டும்தான் கேட்பாரு. அதுதான்டி எனக்கு வேணும்” என்றாள். ராத்திரி வந்து படுத்த பிறகும் போர்வைக்குள் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 16, திங்கள்

விழாக் கமிட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. விளக்குகள் நன்றாகத் தெரிய வேண்டுமாம். ஊர்வலம் மூன்று மணிக்கு இல்லை. ஆறரைக்கு.

ஆறரைக்குத் தண்ணீர் முழுக்க ஏறியிருக்கும்.

வெல்டர் அண்ணன் நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “நல்லதுதான், கருவளையம் எடுப்பா தெரியும்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவருக்கு எந்த நேரமானால் என்ன? ஏறின தண்ணீரில் அளந்த இருபத்தொன்று சுவரில் இருக்கிறதே, கட்டம் கட்டி.

மார்ச் 18, புதன்

இன்று ஐந்து மணிக்கு நானே பாலத்துக்குப் போனேன். பசைத் தூள் வாங்கப் போவதாக அத்தையிடம் சைகையில் சொல்லிவிட்டு.

அன்று படகைக் கட்டிய வளையத்தைத் தேடினேன். இல்லை. இந்தத் தூணா, அந்தத் தூணா என்று இரண்டு முறை நடந்த பிறகுதான் புரிந்தது. வளையம் தண்ணீருக்குள் இருக்கிறது.

நடைபாதையில் குப்புறப் படுத்தேன். சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனார். நாடாவில் ஒரு கல்லைக் கட்டி, உத்திரத்தின் அடிவிளிம்பில் பிடித்துக் கீழே விட்டேன். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் பத்தொன்பது அடி நான்கு அங்குலம்.

பொம்மை இருபது.

எட்டு அங்குலம். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வருகிறது. அக்காவின் உச்சந்தலையிலிருந்து இரும்பு வளையம் நான்கு விரல்.

படகு இழுத்துக்கொண்டு போகும்போது நிற்காது. கொண்டை உத்திரத்தில் மோதும். வளையம் நசுங்கி உள்ளே வரும். உள்ளே ஏணியில் நிற்பவள் எங்கே போவாள்? பின்னால் சாய்ந்தால் பொம்மை மொத்தமும் சாயும். மிதவையில் ஆட்கள் இருப்பார்கள். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நான் பண்ணினது, நான் பண்ணினது, தலையத்தான ஆட்டினேன், ஒரு தலையாட்டலுக்கா இப்படி—

சொல்ல வராது என்றால் எழுதலாமே. ஒரு தாளில் எழுதிவிட்டேன். ‘அண்ணா, அன்று அளந்தது வற்றின தண்ணீரில். நான் தப்பாகத் தலையாட்டிவிட்டேன். ஏறின தண்ணீரில் 19 அடி 4 அங்குலம். கொண்டை இடிக்கும். மன்னித்துவிடுங்கள்.’ நாளை காலை அவருடைய வெல்டிங் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவேன். கண்ணாடியை எடுக்காமல் அவரால் வேலை செய்ய முடியாது.

மார்ச் 19, வியாழன்

வைத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்.

அவர் பத்தரைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணுக்கால் பக்கம் குனிந்தார். நான் வர்ண டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். இப்போது கூப்பிடுவார், இப்போது. மதியமாயிற்று. ஒரு தடவை என் பக்கம் திரும்பி, “அந்தப் பிரஷ் எடு” என்றார். அவ்வளவுதான்.

படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லையா? கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா? இல்லை, ரகசியமாகச் சரி செய்துவிடுவாரா? சுவரில் 21 அப்படியே இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை.

சாயங்காலம் எல்லோருக்கும் “நாளைக்கு மிதவையில ஏத்திடலாம்” என்றார். ஏற்றிவிடலாமாம். அப்படியென்றால் எப்படியோ சரி செய்திருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி, மதியம்

சீட்டு கிடைத்துவிட்டது.

பொம்மையின் வலது மணிக்கட்டில் இருக்கிறது. தலைகீழாக. நேற்றுக் காலை மணிக்கட்டில் விரிசல் விட்டிருந்ததாம்; பசை அத்தை கைக்குக் கிடைத்த தாள்களை எடுத்து ஒட்டிவிட்டாள். இந்தக் கொட்டகையில் எழுதின தாள், எழுதாத தாள் என்று பேதம் கிடையாது. பத்திரிகை, பில்லு, பள்ளிக்கூட நோட்டு எல்லாமே தோல்தான். அதுகூடத் தோன்றாமல் அங்கே கொண்டுபோய்த் தாளை வைத்திருக்கிறேனே. நான்கு மாதமாகத் தாள் கிழிப்பவள் நான்.

பாதி வர்ணத்துக்குள் போய்விட்டது. ‘கொண்டை இடிக்கும்’ மட்டும் தெரிகிறது.

ஓடிவந்து அக்காவை எழுப்பினேன். அவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச்சு தடையில்லாமல் வரும். எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏன்டி தலையாட்டின?”

“தெரியல.”

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாத.” எழுந்து முகம் கழுவினாள். “பாலம் வரும்போது நான் குனிஞ்சுக்கறேன். தாள் கிழிஞ்சா கிழியட்டும். இப்ப போய்ச் சொன்னா என்னைய உள்ள ஏத்த மாட்டாங்கடி. பாட்ட ரெக்கார்டுல போட்டுடுவாங்க. நாலு வருஷம் பின்னாடி நின்னிருக்கேன். கால் மணி நேரம். அதையும் கெடுத்துடாத.”

“உள்ள இரும்பு இருக்குக்கா. ரெண்டு வளையம்.”

“குனிஞ்சுக்கறேன்னு சொல்றேன்ல.”

தலையாட்டு என்று அவள் கண் சொன்னது. என் கழுத்தும் ஆடத்தான் பார்த்தது. எழுந்து வந்துவிட்டேன். குளியலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சொன்னால் அக்காவின் பாட்டு போகும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னும் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி, இரவு

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மிதவையில் பொம்மையை நிறுத்திக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் முப்பது பேராவது இருப்பார்கள். வெல்டர் அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பொம்மையின் மணிக்கட்டைக் காட்டினேன். அவர் ஏணியில் ஏறி, தலையைச் சாய்த்துப் படித்தார்.

இறங்கியவர் குரலை உயர்த்தவில்லை. “எத்தன?” என்றார்.

“பத்தொம்பது நாலு.”

“பௌர்ணமிக்கு இன்னும் ஒரு அங்குலம் ஏறும்” என்றார் மிதவைக்காரர், “ஆறரைக்கு உச்சம். நான் அன்னிக்கே சொல்லச் சொன்னேனே அண்ணே இந்தப் பொண்ண.”

“நானும் கேட்டேன்” என்றார் அண்ணன். “தலையாட்டுச்சு.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அண்ணன் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பொம்மையின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொண்டையை வெட்டு. வெட்டினால் பாடுபவளுக்குத் தலை எங்கே? சீக்கிரம் கிளம்பு. கமிட்டி விடாது, எட்டாவது எண் நமக்கு. முழங்காலை வெட்டிச் சின்னதாக்கு. பற்றவைத்த குழாய், ஒரு நாளில் ஆகாது. அக்கா அதற்குள் வந்துவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. “அப்ப ரெக்கார்டுதான், இல்ல?” என்று பொதுவாகக் கேட்டாள்.

மிதவைக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மேல குறைக்க முடியலன்னா கீழ இறக்கலாமே” என்றார். “காலி மிதவை அண்ணே இது. கனம் ஏத்துனா தாழும்.”

அண்ணன் எழுந்தார். காலடியில் வைத்த மரக்கட்டைகளை உருவினால் மூன்று அங்குலம். தண்ணீர் ட்ரம் மூன்றுக்கு ஒரு அங்குலம். பன்னிரண்டு ட்ரம் வைத்தால் நான்கு. அதற்கு மேல் ட்ரம் வைக்க இடமில்லை. குறைவது ஒன்பது அங்குலம், கையில் ஏழு.

“மீதிக்கு ஆளுதான். பத்துப் பேருக்கு ஒரு அங்குலம்” என்றார் மிதவைக்காரர். “உரசாம போகணும்னா நாப்பது பேரு வேணும்.”

நாற்பது பேர் மிதவையில் சும்மா நின்றால் ஊர் சிரிக்காதா என்றார் யாரோ. பசை அத்தைதான் கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். “ஏன் சும்மா நிக்கணும்? அவ மட்டுமா தூங்கல, தெருவே தூங்கல. எல்லாரும் நைட்டியும் தலகாணியுமா ஏறுங்க.”

பார்களின் வாசலில் நிற்கும் காவல்காரரை எங்கள் தெருவில் மலை என்பார்கள். “நான் ஒருத்தனே ரெண்டு ஆளு. கணக்குல எழுதிக்கங்க” என்றார் மலை. “எனக்கு நைட்டி யாரு தைக்கிறது?”

என் அம்மா ஹோட்டல் சலவையில் வேலை செய்கிறாள். பழைய படுக்கை விரிப்பு நாற்பது கிடைக்குமா என்று கேட்கக் கிளம்பிப் போயிருக்கிறாள். இன்னும் வரவில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் படுத்ததும் தன் போர்வையின் ஒரு நுனியை என் மேல் வீசினாள்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றைக்கு எழுத முடியவில்லை. விழா முடிந்து வந்ததும் தூங்கிவிட்டேன். இன்று வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கு எல்லோரையும் எடை பார்த்து ஏற்றினார் மிதவைக்காரர். சலவைக்கடைத் தராசு. சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், டிரம் வாசிப்பவர், முடிதிருத்துபவர், பசை அத்தை, அம்மா. விழா சாயங்காலம், வருடத்திலேயே பெரிய வியாபாரம். பதினொரு பாரையும் மூன்று மணி நேரம் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். படுக்கை விரிப்பில் தைத்த நைட்டியில் மலை நின்றதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

நான் கரையில், டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கிருந்தே பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

“முப்பத்தொம்பது” என்றார் மிதவைக்காரர். சுற்றும்முற்றும் பார்த்தார். “நீ எத்தனம்மா இருப்ப?”

“நாப்பத்தோரு கிலோ.”

“ஏறு. முன்னாடி நில்லு. மூக்குல கனம் ஏறினா வண்டி குப்புறப் போகும். லேசான ஆளுதான் முன்னாடி.”

அப்படித்தான் நான் ஊர்வலத்தின் எட்டாவது மிதவையில், எல்லோருக்கும் முன்னால், தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு கரையிலும் தலை தலையாக ஆட்கள். பால்கனிகளில் ஆட்கள். விளக்குக் கம்பங்களில் பிள்ளைகள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அது வேஷத்துக்குப் பொருந்திவிட்டது என்று கரையில் யாரோ கைதட்டினார்கள்.

மேலே அக்கா பாட ஆரம்பித்தாள். பின்வரிசையில் நான் கேட்ட குரல் இல்லை அது. பொம்மையின் வாய் திறந்து திறந்து மூட, கால்வாய்ச் சுவர்கள் இரண்டும் அந்தக் குரலைத் திருப்பித் தந்தன.

பாலம் தெரிந்தது. வெல்டர் அண்ணன் நடுவில், பொம்மையின் கணுக்காலைப் பிடித்து நின்றார். அங்கிருந்து கொண்டை தெரியாது. மிதவைக்காரர் பின்னால், இழுவைப் படகுக்குச் சைகை காட்ட. கொண்டையும் உத்திரமும் சேர்ந்து தெரியும் இடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். இது முன்பே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

மிதவையை மெதுவாக்கினார்கள். நான் கழுத்தை வளைத்து மேலே பார்த்தேன். கொண்டையின் உச்சிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு கோடு வானம். மூன்று விரல். போகும்.

அந்த நேரம் பார்த்து, விருந்தினர்களை ஏற்றிய மோட்டார் படகு ஒன்று எங்களை ஒட்டி வேகமாகக் கடந்து போனது. அதன் அலை வந்து மிதவையின் அடியில் தட்டியது. மிதவை ஏறி, இறங்கி, ஏறியது. வானக்கோடு மறைந்தது. வந்தது. மறைந்தது.

“போலாமா?” என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தினார்.

முப்பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்து ஆடத் தொடங்கியது. எனக்கே தெரிந்தது, மேலும் கீழுமாக அது போகப் போகிறது என்று. தலையணையை நெஞ்சோடு இறுக்கினேன்.

“இல்ல” என்றேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

“என்னம்மா, போலாமா?”

“இல்ல. பொறுங்க.”

வந்துவிட்டது. என் குரல் இவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியாது. இழுவைப் படகு கயிற்றைத் தளர்த்தியது. நாங்கள் பாலத்துக்கு ஆறடி முன்னால் அப்படியே நின்றோம். கரையில் கூச்சல். “என்ன, தூங்கிட்டாளா?” என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. பின்னால் ஒன்பதாவது மிதவைக்காரர்கள் மணி அடித்தார்கள். அக்கா பாட்டை நிறுத்தவில்லை; கடைசி வரியையே திரும்பத் திரும்பப் பாடினாள். நான் அலையை எண்ணினேன். ஏழு. எட்டு. பதினொன்றாவது அலை மிதவையை அசைக்கவே இல்லை. வானக்கோடு மூன்று விரலில் நின்றது.

“இப்ப.”

உத்திரத்துக்குக் கீழே போகும்போது யாரும் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். மலை கூட முழங்காலை மடக்கிக் குனிந்துகொண்டார், அவர் தலைக்கு மேல் பன்னிரண்டடி இடம் இருந்தும். இருட்டு. ஈர இரும்பு வாசனை. பிறகு வெளிச்சம்.

அம்மா பின்னாலிருந்து வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தாள். “முன்னாடி வராத, கனம் ஏறும்” என்று மிதவைக்காரர் அவளை அதட்டினார்.

இறங்கி வந்த அக்காவின் மூக்கெல்லாம் துரு. “ஓட்டைல கண்ண வச்சிருந்தேன்டி. ஒவ்வொரு ஆணியா எண்ணலாம் போல, அவ்வளவு கிட்ட” என்றாள். கொஞ்சம் நின்று, “அலை வந்தப்ப ஒரு தடவ அந்த இரும்பு ஓட்டைக்கு நேரா வந்துச்சு” என்றாள்.

பரிசு மூன்றாவது தெருவுக்கு. அவர்களுடைய மீன் நெருப்புக் கக்கியது.

மார்ச் 24, செவ்வாய்

வெல்டர் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. திட்டவும் இல்லை. சுவரில் 21 அழிந்திருக்கிறது. கட்டம் மட்டும் இருக்கிறது.

மார்ச் 28, சனி

பொம்மையைப் பிரித்தோம். இரும்பு ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். மணிக்கட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பசை அத்தை, “எழுதி வச்சா எவ படிக்கிறா? என்கிட்ட வந்து வாயத் தொறந்திருந்தா முத்து உதிர்ந்திருக்குமா?” என்றாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. போகும்போது மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கட்டினாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய ஹோட்டலில் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாட்டு. ஒன்றே ஒன்று. முன்வரிசையில். செருப்பு வாங்கப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 11, சனி

தெருக்கோடி பாருக்குப் பழைய பியானோ ஒன்று வருகிறது. மேடைக்கு இரும்புத் தாங்கி அடிக்கும் வேலை வெல்டர் அண்ணனுக்கு. காலையில் எங்கள் மாடிப்படியில் நின்று அம்மாவிடம், “அளக்கிற பொண்ண அனுப்புங்க” என்றாராம். மூன்று வாரம் கழித்து.

கதவை அளந்தேன். நடையை அளந்தேன். திருப்பத்தில் ஒரு முறை, கதவைத் திறந்து வைத்து ஒரு முறை. பார் முதலாளி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பரிமாறுகிறவர்கள் நான்கு பேர் மேசை துடைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“போயிடும்ல?” என்றார் முதலாளி.

“கதவக் கழட்டினா போகும். கழட்டலன்னா போகாது.”

“ஒரு அங்குலம்தானம்மா, தள்ளிடலாமே?”

“போகாது” என்றேன்.

வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற அண்ணனிடம் சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். கதவு அகலம். நடை அகலம். திருப்பம். அளந்த நேரம் காலை பத்து இருபது. கீழே என் பெயர். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்துத் திரும்பப் படித்தார்.

“கதவுக்கு எதுக்கும்மா ‘தண்ணீர் – இல்லை’ன்னு எழுதியிருக்க?”

“இருக்கட்டும் அண்ணா” என்றேன்.

சிரிப்பது போலத்தான் இருந்தது, மீசைக்குள். சீட்டை நான்காக மடித்தார். வண்டி இருக்கையின் மேலும் வைக்கவில்லை, கருவிப்பெட்டி மேலும் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.